ஜேடன் என்ற பெயர் ஏறி இறங்கிய கதை: நீங்களே வரைபடம் போடுவது எப்படி?

அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களில், பார்த்ததுமே 'இது இந்தக் காலத்துப் பெயர்' என்று சொல்லிவிடக்கூடியது ஜேடன் (Jayden). அங்கே முதல் 1000 பெயர்களுக்குள் அது வந்ததே 1994-ல்தான். 2010, 2011 இரண்டு வருடமும் 4-ஆம் இடம். 2020-க்குள் முதல் 20-ஐ விட்டே வெளியேறிவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தை நாமே வரைந்து பார்க்கலாம். எக்ஸெல் அல்லது கூகுள் ஷீட்ஸ் திறக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: தரவை இறக்குங்கள்

அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்தில் குழந்தைப் பெயர்களுக்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கேயே பெயரைத் தட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் அது காட்டுவது தரவரிசை மட்டும், அதுவும் முதல் 1000-க்குள் இருந்தால்தான். நமக்கு எண்ணிக்கை வேண்டும். அதனால் தேசிய அளவிலான தரவை ஜிப் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். 1880-லிருந்து வருடத்துக்கு ஒரு கோப்பு. ஒரு வருடத்தில் 5 குழந்தைகளுக்குக் கீழே வைக்கப்பட்ட பெயர்கள் இதில் இருக்காது.

படி 2: ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள்

நோட்பேடிலேயே திறக்கும். ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்கள்: பெயர், பாலினத்துக்கு ஓர் எழுத்து, எண்ணிக்கை. இடையில் காற்புள்ளி. அவ்வளவுதான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்த பள்ளம். கோப்பில் பெண் குழந்தைகளின் பெயர்கள்தான் முதலில் வரும். ஆண் பெயர்கள் அதற்கு அப்புறம். ஜேடன் பெண் குழந்தைகளுக்கும் வைக்கப்பட்ட பெயர். பெயரை மட்டும் தேடினால் முதலில் பெண்கள் வரியில் போய் நிற்கும். அது தெரியாமல் வருடம் வருடமாக அந்த எண்ணையே எடுத்து எழுதிவிட்டு, 'இவ்வளவு பேசப்பட்ட பெயர் ஏன் இப்படிக் குள்ளமாக இருக்கிறது' என்று ஒரு மாலை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். பெயர், காற்புள்ளி, ஆணுக்கான 'எம்' மூன்றையும் சேர்த்தே தேடுங்கள். 2010-க்கான கோப்பில் 17 ஆயிரத்தைத் தாண்டிய ஓர் எண் கிடைத்தால், சரியான வரியில் இருக்கிறீர்கள்.

படி 3: எழுத்து வேறுபாடுகளைக் கூட்டுங்கள்

தமிழில் எழுதினால் ஒரே ஜேடன். ஆங்கிலத்தில் நடுவில் 'ஒய்' போட்ட ஜேடன், போடாத ஜேடன், 'ஒய்'க்குப் பதில் 'ஐ' போட்ட ஜேடன், கடைசியில் 'இ' இருக்கும் இடத்தில் 'ஓ' வைத்த ஜேடன் என்று ஒரு பட்டாளமே உண்டு. நிர்வாகம் இவை ஒவ்வொன்றையும் தனிப் பெயராகத்தான் எண்ணுகிறது. வகுப்பில் ஆசிரியர் கூப்பிட்டால் எல்லோரும்தான் திரும்புவார்கள்! ஆகவே வருடத்துக்கு ஒரு வரிசை, எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பத்தி, கடைசியில் கூட்டுத்தொகை என்று அட்டவணை போடுங்கள். 1990-லிருந்து தொடங்கினால் போதும்.

படி 4: சதவீதமாக மாற்றுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தரவரிசை நம்மை ஏமாற்றும். 1957-ல் முதலிடம் பிடித்த மைக்கேல், அந்த வருடம் பிறந்த ஆண் குழந்தைகளில் 4 சதவீதத்துக்கும் மேல். 2010-ல் முதலிடம் பிடித்த ஜேக்கப் சுமார் 1.1 சதவீதம்தான். இரண்டும் முதலிடம், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பெற்றோர்கள் பலவிதமான பெயர்களைத் தேடிப் போக ஆரம்பித்ததால், இப்போது குறைந்த எண்ணிக்கையிலேயே உச்சிக்குப் போய்விட முடிகிறது.

வருடவாரியாகப் பிறந்த ஆண் குழந்தைகளின் மொத்த எண்ணிக்கையும் அதே தளத்தில் கிடைக்கும். உங்கள் கூட்டுத்தொகையை அதால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்.

படி 5: கோடு வரையுங்கள்

வருடம், சதவீதம் இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து, கோட்டு வரைபடம். தரவரிசையைத்தான் வரைவேன் என்று அடம்பிடித்தால் செங்குத்து அச்சைத் தலைகீழாக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 1-ஆம் இடம் பாதாளத்தில் கிடக்கும்.

படி 6: காரணம் தேடுவது கடைசியில்

அமெரிக்கப் பாப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் இரண்டாவது மகன் ஜேடன் பிறந்தது 2006-ல். அடுத்த வருடமே பெயர் முதல் 20-க்குள் புகுந்தது. 'அவரால்தான்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் உங்கள் கோட்டில் 2006-க்கு இடது பக்கம் விரலை வைத்துப் பின்னோக்கி நகர்த்துங்கள்: அதற்கு முன்பே பத்து வருடத்துக்கும் மேலாக அது ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த வண்டியை அவர் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கலாம், கிளப்பியவர் அவரல்ல.