மேடை பேஸ் கிட்டாருக்கு வால்வு ஆம்பா, டிரான்சிஸ்டர் ஆம்பா?

குமரி மாவட்டத்தில் பேஸ் கிட்டார் வாசிப்பவருக்குக் கிடைக்கும் மேடைகளில் பெரும்பாலானவை திறந்தவெளி மேடைகள். கோயில் கொடையானாலும் தேவாலயத் திருவிழாவானாலும் மின்சாரம் பல நேரம் ஜெனரேட்டரிலிருந்து வரும்; ஒலி மைக் செட்டுக்காரரின் பெட்டிகள் வழியாகவே கூட்டத்தைச் சென்றடையும். கண்ணாடிக் குழல்களால் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்பையும் (ஆம்ப்ளிஃபயர்), சாலிட் ஸ்டேட் எனப்படும் டிரான்சிஸ்டர் ஆம்பையும் இந்த நிலைமையை மனத்தில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

வால்வு ஆம்ப் தன் திறனின் எல்லையை நெருங்கும்போது ஒலியலையின் உச்சியைச் சட்டென வெட்டாமல் மெல்ல அமுக்குகிறது. அதனால் ஓங்கி இழுத்த சுரமும் மென்மையாக இழுத்த சுரமும் ஒன்றையொன்று நெருங்கி வருவதோடு, அடிச்சுரத்தோடு சேர்ந்தெழும் மேற்சுரங்களும் செழிக்கின்றன. பேஸின் தடித்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. சிறிய பெட்டிகள் அவ்வளவு தாழ்ந்த அதிர்வைச் சரிவர எழுப்புவதில்லை என்றாலும், 82, 123 ஹெர்ட்ஸில் எழும் மேற்சுரங்கள் தெளிவாக இருந்தால் அடிச்சுரத்தைச் செவி தானே நிரப்பிக்கொள்ளும். வால்வின் 'செழுமை' என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இதுவே. டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லைவரை தூய்மையாக ஒலித்து, எல்லையைத் தாண்டிய கணமே கரகரக்கும். ஆகவே 300 வாட் வால்வு ஆம்பின் வேலைக்கு டிரான்சிஸ்டரில் 500 வாட்டாவது கையிருப்பு வேண்டும் என்பது என் கணிப்பு. வாட் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான் என்பதால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

ஒப்பிடும்போது ஒரே கிட்டாரையும் ஒரே ஸ்பீக்கர் பெட்டியையும் பயன்படுத்துங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே நல்லது என்று செவி தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால், கைபேசியின் ஒலி அளவிச் செயலியை ஒரே இடத்தில் வைத்து, ஒரே பகுதியை வாசித்து, இரண்டையும் சம அளவுக்குக் கொண்டு வாருங்கள். டிரம்ஸ் உடன் ஒலிக்க, மேடைக்கு வேண்டிய உரப்பில் கேட்பது முக்கியம். அறையில் தனியாக வாசிக்கையில் இனித்த அடியொலி, டிரம்ஸ் சேர்ந்ததும் கரைந்துபோவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பெட்டியை மாற்றும் முன் ஆம்பை அணைத்துவிட வேண்டும். பெட்டி இணைக்காமல் வால்வு ஆம்பை இயக்கினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோகக் கூடும். பெட்டியின் ஓம் (மின்தடை) அளவுக்கு ஏற்ப ஆம்பின் ஓம் தேர்வையும் வைக்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்பில் குறிப்பிட்ட ஓமுக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். 8 ஓம் பெட்டிகள் இரண்டை இணையாகச் (பாரலல்) சேர்த்தால் 4 ஓம் ஆகிவிடும் என்பதை மறவாதீர்கள்.

அடுத்து, கூட்டத்திற்கு எந்த ஒலி போகிறது என்று கேட்டறியுங்கள். ஆம்பிலிருந்து நேராக ஒலியை எடுக்கும் டிஐ வெளியீட்டிலிருந்து மிக்சருக்குக் கம்பி போகிறது என்றால், பெரும்பாலான ஆம்புகளில் பெட்டியை இயக்கும் பவர் கட்டத்துக்கு முந்தைய முன்கட்ட (ப்ரீஆம்ப்) ஒலி மட்டுமே அதில் செல்லும். பவர் வால்வுகள் செய்யும் மாயம் மேடையில் நிற்பவருக்கு மட்டுமே கேட்கும். அது கூட்டத்திற்கும் கேட்க வேண்டுமானால் பெட்டியின் முன் மைக் வைக்கச் சொல்ல வேண்டும். திருவிழா அவசரத்தில் அதற்கு இசைகிற மைக் செட்டுக்காரர்கள் குறைவு.

வால்வு ஆம்போடு மேடை ஏறிவந்த என்னை மனம் மாற்றியது மின்சாரம்தான். கடற்கரை ஊர் ஒன்றில், இரண்டாம் பாட்டின் நடுவே சப்பரத்தின் சீரியல் செட் முழுவதும் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கியது. ஆம்பின் சிவப்பு விளக்கு மங்கியது. கூடவே என் பேஸின் ஒலியும் துணியால் மூடியதுபோல் அடங்கிப் போனது. வால்வு ஆம்புக்கு வரும் வோல்ட்டேஜ் குறைந்தால் இப்படித்தான் ஆகும். ஸ்விட்சிங் பவர் சப்ளை கொண்ட கிளாஸ் டி ஆம்புகளில் (எடை குறைந்த, புதிய வகை டிரான்சிஸ்டர் ஆம்புகள்) பலவும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். பின்பக்கத்தில் அச்சிட்ட வோல்ட்டேஜ் வரம்பைப் படித்துப் பாருங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது.

எடையும் ஒரு காரணம். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற வால்வு ஆம்பின் தலைப்பகுதி (ஸ்பீக்கர் பெட்டி நீங்கலான ஆம்ப்) மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ. இன்றைய கிளாஸ் டி தலைப்பகுதிகளில் பலவும் 3 கிலோவைத் தாண்டுவதில்லை.

இரு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. டிசம்பர் 3-இல் நிறைவுறும் கோட்டாறு சவேரியார் திருவிழா வடகிழக்குப் பருவமழையின் நடுவே வருகிறது. சூடான கண்ணாடி வால்வில் சாரல் பட்டால் விரிசல் விழலாம். முட்டம், குளச்சல் போன்ற இடங்களில் உப்புக்காற்று வால்வின் ஊசிகளையும் சாக்கெட்டையும் அரிக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் கால் மணி நேரம் ஆறவிட்ட பிறகே வால்வு ஆம்பைத் தூக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கிளாஸ் டி குறையற்றது என்று சொல்ல மாட்டேன். அதன் நுண்ணிய பலகை பழுதானால் ஊரில் உள்ள மெக்கானிக்கால் சரிசெய்வது கடினம். கனமான டிரான்ஸ்பார்மர் கொண்ட பழைய பாணி டிரான்சிஸ்டர் ஆம்பை அவர் பெரும்பாலும் மீட்டுவிடுவார். மாதம் நான்கைந்து மேடை ஏறுபவருக்கு நான் சொல்வது, முன்கட்டத்தில் மட்டும் ஒரு வால்வு உள்ள, 500 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். மூடிய அரங்கும் நிலையான மின்சாரமும் தூக்க இரண்டு ஆளும் இருந்தால் முழு வால்வு ஆம்பையே எடுத்துச் செல்லுங்கள். மாற்று வால்வு ஒரு ஜோடியும் ஃபியூஸும் பையில் இருக்கட்டும்.