நாட்டு மாட்டை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் வெலிமடைப் பக்கம், உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு மேலே ஒரு மேட்டில், ஊர் ஊராக நாட்டு மாடுகளை அளந்து ஒப்பிடும் எங்கள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள் ஒரு நாட்டுப் பசுவை அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அளவுகோலைப் பிடிக்க, மற்றவர் கொப்பியில் எழுதினார். பசு மலைச்சரிவுக்குக் குறுக்கே நின்றது. 12 வருடத்துக்கு முன் நான் செய்த அதே பிழை. நாடாவைத் தொய்வாகப் பிடிப்பது, இலக்கத்தை மாற்றி எழுதுவது போன்றவை நாலு நாள் வேலையில் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சரிவில் நிறுத்தி அளப்பது

மலையகத்தில் வேலை செய்பவர்கள் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். தரை 10 பாகை சரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் பழகிய கண்ணுக்கு அது பெரிய சரிவாகத் தெரியாது. மாட்டின் நடுமுதுகுக்கு நேர்கீழிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளவுகோலை ஊன்றினால், பள்ளப் பக்கத்தில் உயரம் 5 சென்ரிமீற்றர் கூடும்; மேட்டுப் பக்கத்தில் 5 குறையும். ஒரே மாடு, 10 சென்ரிமீற்றர் வித்தியாசம். ஒரு மீற்றர் உயரமுள்ள மாட்டில் இது பத்தில் ஒரு பங்கு. இரண்டு ஊர் மாடுகளுக்கிடையே நாம் தேடுகிற வேறுபாடே அவ்வளவு இருக்காது.

நான் இந்தப் பிழையைச் செய்த வருடம் இரண்டு மாதம் தோட்ட லயங்களிலும் கிராமங்களிலும் ஏறி இறங்கினேன். கொட்டிலிலேயே வைத்து அளந்தேன். மூத்திரம் வடிவதற்காகக் கொட்டில் தரையைச் சரிவாகத்தான் போடுவார்கள் என்பது தெரிந்தும் யோசிக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு இளங்காளைகள் இருந்தன. ஒன்றைப் பொலிகாளையாக வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். என் கொப்பியில் கறுப்பன்தான் உயரம். செவலையை அடிமாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கறுப்பனைக் கோயில் முற்றத்தில் நிறுத்தி அளந்தபோது 5 சென்ரிமீற்றர் குறைந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது: கறுப்பனைப் பள்ளப் பக்கத்திலிருந்தும், செவலையை மேட்டுப் பக்கத்திலிருந்தும் அளந்திருந்தேன். செவலையின் உண்மையான உயரம் நான் எழுதியதைவிடக் கூடத்தான் இருந்திருக்கும். "தம்பி, நீங்க சொல்லித்தானே குடுத்தோம்" என்றார் அந்த வீட்டு அம்மா. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எந்தப் பக்கம் நின்று அளந்தேன் என்று எங்கும் குறித்து வைக்காததால், மற்ற அளவுகளையும் திருத்த வழியில்லை. அவ்வளவையும் ஒதுக்க வேண்டியதாயிற்று.

சரி, என்ன செய்வது? மாட்டை நடத்திக்கொண்டு போங்கள். பால் சேகரிக்கும் இடத்து முற்றம், கோயில் வாசல், பிள்ளைகள் விளையாடும் திடல் என்று ஏதாவது ஒன்று கிட்டத்தில் இருக்கும். பாதித் தண்ணீர் உள்ள போத்தலைத் தரையில் படுக்க வைத்தால் சரிவு தெரிந்துவிடும். நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். நாலு காலும் நேராக ஊன்றியிருக்க வேண்டும். தலை புல்லுக்குக் குனியக் கூடாது. ஒரு முறை அளந்து, மாட்டை நாலு எட்டு நடத்தி, திரும்ப நிறுத்தி அளங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாம் முறை. அவசரப்படுத்தினால் மாடும் மிரளும், வீட்டுக்காரரும் அடுத்த தடவை கயிற்றைக் கையில் தரமாட்டார்.

திமிலின் மேல் கோலை வைப்பது

பிரீசியன், ஜேர்சி மாடுகளில் பழகிய கைக்கு இது வரும். அவற்றுக்குத் திமில் இல்லை. நாட்டு மாட்டில் திமிலுக்குப் பின்னால், தோளுக்கு மேலே கோலை வையுங்கள். மார்புச் சுற்றளவுக்கும் அப்படித்தான்: நாடா திமிலுக்குப் பின்னால், முன்னங்காலை ஒட்டிப் போக வேண்டும். திமிலின் உயரம் வேண்டுமென்றால் தனியாக எழுதுங்கள்.

எடை நாடாவை நம்புவது

மார்பைச் சுற்றிப் பிடித்தால் எடையைக் காட்டும் நாடாவைத்தான் எடை நாடா என்கிறோம். கடையில் வாங்குவது பெரும்பாலும் சீமைப் பால்மாட்டின் உடல்வாகுக்காகச் செய்தது. சூத்திரம் போட்டாலும் கவனம் தேவை. மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுப்பார்கள். அளவு சென்ரிமீற்றரில், விடை கிலோவில். சுற்றளவு 140, நீளம் 110 என்றால் 199 கிலோ வரும். நாடா 4 சென்ரிமீற்றர் தளர்ந்து 144 என்று விழுந்தால் 210 கிலோ. நம் மாடுகள் சிலவற்றையாவது தராசில் ஏற்றி ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த இலக்கத்தை எழுதாதீர்கள்.

நிறைசினைப் பசு

ஈன்ற பிறகு அளக்கப் போங்கள்.

வயது எழுதாத அளவு

பயன்படாது. வயது தெரியாவிட்டால் பல்லைப் பாருங்கள்.

சின்ன மாடெல்லாம் நாட்டு மாடு என்று எண்ணுவது

மலையகத்தில் சினை ஊசி போகாத தோட்டம் குறைவு. தீனி போதாமல் வளர்ந்த ஜேர்சிக் கலப்பும் சின்னதாகத்தான் இருக்கும். தாய் எது, ஊசி போட்டதா, காளைக்கு விட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் மாடு கறக்கும் அக்காவுக்குத்தான் சரியான பதில் தெரியும். அவர் கொழுந்து பறித்துவிட்டு வரும்வரை காத்திருங்கள்.

ஒரே பட்டியில் 20 மாடு

அவை ஒரே காளையின் பிள்ளைகளாக இருக்கலாம். நாலைந்தை அளந்துவிட்டு அடுத்த ஊருக்கு நடங்கள்.