வாங்குவோரின் முறைப்பாட்டிலிருந்து விற்பனைப் பொருளைக் கண்டறிதல்

மருதமுனைக் கைத்தறிச் சாரத்தையோ மட்டக்களப்பின் பனையோலைப் பெட்டியையோ இணையத்தில் விற்க விரும்புபவர், முதலில் விற்பனையாளர் குழுக்களை விட்டுவிட்டு, வாங்குவோர் கூடிப் பேசும் முகநூல் குழுக்களிலும் ரெடிட் என்னும் கலந்துரையாடல் தளத்திலும் சில வாரங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும். அங்குள்ள தேடற்பெட்டியில் பொருளின் பெயரை மட்டும் இடாமல், “எங்கே கிடைக்கும்”, “கிழிந்துவிட்டது”, “அளவு போதவில்லை” போன்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள்; ஏனெனில் பாராட்டைவிட முறைப்பாடே புதிய பொருளுக்கு வழிகாட்டுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஒருவர் பிளாஸ்டிக் கூடையைத் தவிர்க்க விரும்புவதாகவும், ஆனால் ஓலைக்கூடையின் கைப்பிடி விரைவில் அறுந்துவிடுவதாகவும் எழுதினால், அதில் தேவையும் குறையும் ஒருங்கே தெரிகின்றன. அத்தகைய வரிகளை எழுதியவரின் சொற்களிலேயே, திகதியுடன் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் விளம்பரம் எழுதும்போதும் அவை உதவும். ஒரே குறையை வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு மாதங்களில் சொல்லியிருந்தால் மட்டுமே அதைக் கணக்கில் எடுங்கள்.

அடுத்து, ஒரு சொல்லை மக்கள் எப்போது எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரென்ட்ஸில், அந்தப் பொருளுக்கான தேடல் ஆண்டு முழுவதும் நீடிக்கிறதா, பண்டிகைக் காலத்தில் மட்டும் உயர்கிறதா என்று பாருங்கள். பொதிசெய்த எடைக்குரிய தபால் கட்டணத்தையும் விசாரித்த பின்னரே, உறுதியான கைப்பிடியுடன் பத்துக் கூடைகளை மட்டும் முடையச் சொல்லுங்கள். குழுவின் விதிகள் விளம்பரத்தைத் தடுத்தால், அங்கே விற்க முயலாதீர்கள்.