மருத்துவ நூலக இணையதளம்: வாசகர் வழி தவறும் இடங்கள்

இரவு 2 மணி. வார்டு டியூட்டியில் இருக்கும் பிஜி மாணவிக்கு ஒரு மருந்தின் அளவில் சந்தேகம். கையில் இருப்பது போன்தான். கல்லூரி நூலகத் தளத்தைத் திறந்தால் முதலில் கட்டடத்தின் படம், அப்புறம் ஓடிக்கொண்டே இருக்கும் அறிவிப்பு, அதற்கும் கீழே 'ஓபேக்', 'கன்சார்ஷியம்', 'இ-ரிசோர்சஸ்'. எதைத் தொடுவது? அரை நிமிடத்தில் கூகுளுக்குப் போய்விடுகிறார். கல்லூரி சந்தா கட்டி வாங்கியதெல்லாம் அப்படியே கிடக்கிறது.

சென்னையில் நான் பார்த்த மருத்துவ நூலகத் தளங்கள் பலவற்றிலும் இதுதான் முதல் தவறு. நூலகத்தில் என்னென்ன பிரிவுகள் உண்டோ, மெனுவும் அதே வரிசையில் இருக்கிறது. 'கட்டுரை தேட', 'புத்தகம் இருக்கிறதா பார்க்க', 'வீட்டிலிருந்து படிக்க' என்று வருபவரின் வேலையைச் சொல்லியே பெயர் வையுங்கள்.

தேடல் பெட்டியில் இன்னும் பலர் தடுக்கி விழுகிறார்கள். முகப்பில் இருக்கும் பெட்டி பெரும்பாலும் நூலகத்தின் புத்தகப் பட்டியலில் மட்டும்தான் தேடும். மாணவர் 'டெங்கு பிளேட்லெட்' என்று தட்டி ஒன்றும் வராவிட்டால், நூலகத்திலேயே எதுவும் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். பெட்டிக்குள்ளேயே 'புத்தகங்கள் மட்டும்' என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டின் இணைப்பையும் கொடுங்கள். பப்மெட்டில் தேடுவது இலவசம். ஆனால் எல்லாக் கட்டுரைகளும் முழுதாகக் கிடைக்காது. பல இதழ்களுக்குச் சந்தா வேண்டும். இதை ஒரு வரியில் சொல்லாததால்தான் தீசிஸ் எழுதும் பிள்ளைகள் பணம் கேட்கும் பக்கத்தில் போய் முட்டி நிற்கிறார்கள்.

சந்தா இதழ்கள் பெரும்பாலும் வளாகத்தின் ஐபி முகவரியை, அதாவது அங்குள்ள இணைய இணைப்பின் எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். கேட்டைத் தாண்டி ஹாஸ்டலுக்கோ வீட்டுக்கோ போனால் லாகின் வேண்டும். அதற்கான வழிமுறையை ஏதோ ஒரு பிடிஎஃப்பின் நாலாம் பக்கத்தில் ஒளித்து வைக்காதீர்கள், முகப்பிலேயே வையுங்கள்.

இதழ்ப் பட்டியலையும் பிடிஎஃப்பாகப் போட வேண்டாம். 2025 ஜனவரியில் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் தொடங்கி, அரசுக் கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்கள் திறந்தன. பழைய பட்டியலை நம்பும் மாணவருக்கு இது எப்படித் தெரியும்?

சரி, தளம் தயார் என்று தோன்றினால் ஐந்து ஹவுஸ் சர்ஜன்களைக் கூப்பிடுங்கள். போனைக் கொடுத்து, "இந்தக் கட்டுரையை எடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோது ஒருவர் லாகினைத் தேடி 'தொடர்புக்கு' பக்கத்துக்குப் போய்விட்டார். அன்றே அங்கேயும் ஒரு லாகின் இணைப்பு வைத்தோம்.