சூடு படாத மாணிக்கத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

கடையில் ஒரு கல்லை "நேச்சுரல்" என்று சொன்னால், அது மண்ணில் விளைந்தது என்று மட்டுமே பொருள். அதை உலையில் வைத்துச் சூடாக்கியிருக்கலாம். வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பியும் இருக்கலாம். அப்போதும் "நேச்சுரல்" என்றுதான் விற்பார்கள். அதனால் "ஒரிஜினலா?" என்று கேட்டுப் பயனில்லை. "சூடாக்கியதா? உள்ளே ஏதாவது நிரப்பியிருக்கிறதா?" என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்.

சந்தைக்கு வரும் மாணிக்கங்களில் பெரும்பாலானவை சூடாக்கியவைதான். 1990-களில் மியான்மரின் மோங் சூ சுரங்கத்திலிருந்து வந்த கற்களின் நடுவில் கருநீலம் படிந்திருக்கும். சூடாக்கினால் நீலம் போய் சிவப்பு தெளியும். கூடவே போடும் போராக்ஸ் (வெங்காரம்) உருகி, வெடிப்புக்குள் கண்ணாடிபோல் தங்கிவிடும். சொல்லி விற்றால் இதில் தவறில்லை. ஆனால் நெருப்பைக் காணாமலே நல்ல நிறமும் ஓரளவு தெளிவும் உள்ள கல் அரிது. கூடுதல் விலை அந்த அருமைக்குத்தான்.

முதலில் நிறம்

கடையின் மஞ்சள் விளக்கில் எந்த மாணிக்கமும் அழகாகத்தான் இருக்கும். அந்த ஒளியில் சிவப்பு தூக்கலாகத் தெரியும். கல்லை வாசல் பக்கம் கொண்டுபோய், நேர் வெயில் படாத நிழல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பிறகு டியூப்லைட்டில் பாருங்கள். இரண்டு இடத்திலும் சிவப்பு சிவப்பாகவே நிற்க வேண்டும். பழுப்போ கறுப்போ தட்டக் கூடாது.

அடுத்து, அச்சடித்த எழுத்தின் மேல் கல்லை முகம் மேலாக வையுங்கள். நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் அடிப்பக்கத்தை ஆழமில்லாமல் பட்டை தீட்டியிருக்கிறார்கள். ஒளி திரும்பி வராமல் கீழே ஒழுகிவிடும். விரலில் போட்டால் நடு வெளிறித் தெரியும். அடிப்பாகம் தொப்பையாக இருந்தாலும் நல்லதல்ல. எடை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத அடியில் போய்விடும், நீங்கள் கொடுப்பதோ கேரட் கணக்கில்.

இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்துக் கற்கள் பெரும்பாலும் இளஞ்சிவப்பு கலந்து, பளிச்சென்று இருக்கும். பார்க்க மிக இனிய நிறம். ஆனால் கடைக்காரர் மாணிக்கம் என்று சொன்ன கல்லை ஆய்வகம் "பிங்க் சஃபையர்" என்று எழுதிவிடலாம். விலை அங்கேயே இறங்கும். நிறம் வெளிறிய கல்லுக்கு, அறிக்கையில் என்ன பெயர் வருகிறது என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

லூப்பில் என்ன தேடுவது

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, பக்கவாட்டிலிருந்து சிறு டார்ச் அடித்து, கல்லை மெல்ல ஆட்டியபடி பாருங்கள். துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். மேலே ஒட்டிய தூசியை உள்ளே இருக்கும் குறையென்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

குறையே இல்லாத கல்லைத் தேடுபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மாணிக்கத்தின் உள்ளே சிக்கியிருக்கும் ஊசி, படிகம் போன்றவைதான் அதன் வரலாறு. மெல்லிய ஊசிகள் மூன்று திசையில், ஒன்றையொன்று 60 பாகையில் வெட்டிக்கொண்டு பட்டு இழைபோல் மின்னினால், அது ரூட்டைல் என்ற கனிமம். கடும் சூட்டில் இந்த ஊசிகள் கரைந்து புள்ளி புள்ளியாக உடைந்துவிடும். ஊசி முழுதாக இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் முடிவான சாட்சியல்ல: மொசாம்பிக்கின் மோன்டேபுவெஸ் கற்களை 1000 பாகை செல்சியஸுக்குக் குறைவான சூட்டில் வைத்து நீலச் சாயலை மட்டும் போக்குகிறார்கள், அந்தச் சூட்டில் ஊசிகள் அப்படியே இருந்துவிடும். லூப்பால் இதைப் பிடிக்க முடியாது.

ஊசிகளைத் தவிர, நேர்கோட்டில் மடங்கிச் செல்லும் நிறப் பட்டைகளும் சிறு படிகங்களும் இயற்கைக் கல்லில் வரும். படிகத்தைச் சுற்றி வட்டமான, கண்ணாடிபோல் மினுங்கும் வெடிப்பு இருந்தால் சூடு பட்டிருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே இருக்கும் படிகம் சூட்டில் விரிந்து சுற்றிலும் விரிசலை உண்டாக்கும்.

நிறக்கோடுகள் வளைந்து, இசைத்தட்டின் வரிகள்போல் ஓடினால், கூடவே உருண்டைக் குமிழிகளும் இருந்தால், அது தீச்சுடரில் உருக்கிச் செய்த செயற்கை மாணிக்கம். 1902-இல் பிரான்சில் வெர்னூயில் அறிவித்த முறை. இன்றும் மலிவாகக் கிடைக்கிறது.

ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்தான் இன்றைக்குப் பெரிய அபாயம். கல்லை ஆட்டும்போது வெடிப்பின் உள்ளே நீலமோ ஆரஞ்சோ பளிச்சென்று ஓடி மறையும்; தட்டையான குமிழிகள் வெடிப்போடு ஒட்டியிருக்கும். பெரிய, தெளிவான, விலை குறைந்த மாணிக்கம் கண்ணில் பட்டால் முதலில் இதைத் தேடுங்கள். பொற்கொல்லர் ஊதும் நெருப்பிலும் கழுவும் அமிலத்திலும் அந்தக் கண்ணாடி கரைந்து, வெடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக வெளியே வந்துவிடும். எலுமிச்சைச் சாறுகூட அதை அரிக்கும்.

மாணிக்கத்தைப் பாலில் போட்டால் பால் சிவக்கும் என்ற சோதனையை நம்ப வேண்டாம். செயற்கைக் கல்லும் அதே அலுமினியம் ஆக்சைடும் குரோமியமும்தான்; பாலில் வித்தியாசம் காட்டாது. புற ஊதா டார்ச்சும் அப்படித்தான். பர்மா கல் அதில் தணல்போல் ஒளிரும், இரும்பு அதிகமுள்ள தாய்லாந்துக் கல் மங்கும். ஆனால் செயற்கையும் பிரமாதமாக ஒளிரும். மாணிக்கம்போல் தோன்றும் கார்னெட் என்ற வேறு கல்லா என்ற சந்தேகத்துக்கு மட்டும் அது உதவும். சிவப்புக் கார்னெட் ஒளிராது. ஸ்பைனல் என்ற இன்னொரு சிவப்புக் கல் ஒளிரும் என்பதால் அதை இப்படிப் பிரிக்க முடியாது.

அறிக்கையும் ரசீதும்

லூப் தவறான கல்லைத் தள்ளிவிட உதவும். "சூடாக்கவில்லை" என்று உறுதி சொல்ல ஆய்வகம் வேண்டும். அங்கே அகச்சிவப்பு நிறமாலையில் சூட்டின் தடத்தைத் தேடுகிறார்கள். ஜிஐஏ, ஜெய்ப்பூரின் ஐஐஜிஜே-ஆர்எல்சி (முன்பு ஜிடிஎல்), சுவிட்சர்லாந்தின் குபெலின், எஸ்எஸ்இஎஃப் ஆகியவற்றின் அறிக்கைகளுக்கு மதிப்புண்டு. சிகிச்சை பற்றிய வரியில், சூடாக்கியதற்கான அறிகுறிகள் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். அந்த வரியே இல்லாத, "இயற்கை மாணிக்கம்" என்று மட்டும் போட்ட சிறு அட்டை எதையும் நிரூபிக்காது. பல ஆண்டு பழைய அறிக்கை என்றால் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். குறைந்த சூட்டைக் கண்டுபிடிக்கும் வழிகள் பிறகுதான் முன்னேறின.

அறிக்கையும் கையிலிருக்கும் கல்லும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். எடை தசமத்தில் இரண்டு இடம் வரை ஒத்துப்போக வேண்டும். நீள அகல உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் ரத்திக் கணக்கில் சொன்னால் கேரட்டில் கேளுங்கள். ரத்தி எல்லா இடத்திலும் ஒரே அளவல்ல. ஒரு கேரட் என்றால் 0.2 கிராம், எங்கும்.

1, 2, 3, 5 கேரட்டைத் தாண்டும்போது கேரட் விலையே தாவும். 0.95 கேரட் கல் 1.02 கேரட் கல்லைவிடக் கண்ணுக்குச் சிறியதாகத் தெரியாது. விலையில் நல்ல வித்தியாசம் வரும். சூரியனுக்காக மோதிரம் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒளி புகாத, மங்கிய மாணிக்கங்களில் சூடாக்காதவை நிறையவே உண்டு. அவற்றுக்கு "அன்ஹீட்டட்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ரசீதில் எடை, அறிக்கை எண், "சூடாக்கம் உட்பட எந்தச் சிகிச்சையும் இல்லை" என்ற வாசகம், வேறு ஆய்வகம் மாற்றிச் சொன்னால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பும் என்பது, எல்லாம் இருக்கட்டும். எந்த ஆய்வகத்தின் முடிவை இருவரும் ஏற்பீர்கள் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

நகையில் பதித்த கல்லை வாங்காதீர்கள். பின்பக்கம் மூடிய குளோஸ் செட்டிங்கில் பின்னால் தகடு வைத்து நிறத்தைக் கூட்டியிருந்தால் தெரியாது. உதிரிக் கல்லாக வாங்கி, பின்பக்கம் திறந்த ஓப்பன் செட்டிங்கில் கட்டச் சொல்லுங்கள். பற்றவைக்கும் வேலையெல்லாம் முடிந்த பிறகே கல்லைப் பதிக்க வேண்டும் என்று பொற்கொல்லரிடம் அழுத்திச் சொல்லுங்கள்; போராக்ஸ் பட்ட நிலையில் நெருப்பு பட்டால் மாணிக்கத்தின் மேற்பரப்பே அரிக்கும். கொடுப்பதற்கு முன் லூப் வழியாக உள்ளே இருக்கும் படிகங்களையும் ஊசிகளையும் படமெடுத்து வையுங்கள். மோதிரம் திரும்பி வந்ததும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கூலியைக் கொடுங்கள்.