இன நல்லிணக்கச் சுவரொட்டி பற்றி அக்கம்பக்கத்தில் கருத்துக் கேட்பது எப்படி?

சிங்கப்பூரில் ஜூலை 21 இன நல்லிணக்க நாள், 1964 இனக் கலவரத்தை மறக்கக்கூடாது என்பதற்காக வைத்தது. அது குறித்து அரசு போடும் சுவரொட்டியைப் பற்றி உங்கள் வட்டாரத்தில் கருத்துக் கேட்கப் போகிறீர்களா? "நல்லிணக்கம் முக்கியமா?" என்று மட்டும் தொடங்காதீர்கள். இல்லை என்று யார் சொல்வார்? எல்லாரும் தலையாட்டுவார்கள், வெறும் தாளோடு வீடு திரும்புவீர்கள்.

சுவரொட்டியைப் பத்து வினாடி காட்டுங்கள், மடித்து வைத்துவிட்டு "இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள், உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அப்புறம், "இது யாருக்காகப் போட்டது?" இந்தக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மனசில் இருப்பது வெளியே வரும்.

போவதற்கு முன் தமிழ் வரியை நீங்களே எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிடும். 2017 தேசிய தின அணிவகுப்புத் துண்டுப்பிரசுரத்திலேயே தமிழ் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று சொல்லிவிட்டு அதையே குலைத்து அச்சடித்தால், கீழே இருக்கும் நல்ல வாசகத்தை யாரும் நம்ப மாட்டார்கள். இது சின்ன விஷயம் இல்லை. அரசு கணக்கிடும் "இந்தியர்" என்ற இனப் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரியாத பஞ்சாபியரும் மலையாளிகளும் இருக்கிறார்கள், அவர்களிடமும் கேளுங்கள்.

அடுத்தது, கொள்கை மீதுள்ள கோபத்தையும் அறிவிப்பு மீதுள்ள கோபத்தையும் பிரித்து எழுதுங்கள். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி அரசு அடுக்குமாடி வீடுகளின் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு உண்டு, அதனால் சிறுபான்மையினர் சிலருக்கு வீட்டை விற்க ஆள் கிடைப்பது கஷ்டம், விலையும் குறையும். வாங்க ஆள் வராமல் மாதக்கணக்கில் காத்திருப்பவருக்கு "நாம் எல்லாரும் ஒன்று" என்ற வரி எப்படிக் கேட்கும்? அவர் நல்லிணக்கத்துக்கு எதிரி இல்லை, வலி வேறு இடத்தில். "பிடிக்கவில்லை" என்று ஒரே வார்த்தையில் குறித்துவிட்டால் அந்த வலி காணாமல் போய்விடும்.

அடித்தளத் தலைவரை, அதாவது வட்டாரத்தில் அரசோடு சேர்ந்து வேலை செய்யும் தொண்டரை, பக்கத்தில் நிற்க வைத்துக் கேட்காதீர்கள். தனியாக, காப்பிக் கடையில், அவரவர் மொழியில் கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், பெயர் வேண்டாம். அதிகாரிகளுக்கு அனுப்பிய பிறகு, எதை அனுப்பினீர்கள் என்று அதே ஆட்களிடம் திரும்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள்.