பெயர் தெரியாத பாட்டியைக் கண்டுபிடித்த கதை

தாத்தாவின் தாத்தாவும் அவர் மனைவியும் திருநெல்வேலிப் பக்கம் நஞ்சை பயிரிட்டவர்கள். அந்தப் பாட்டியின் பெயர் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

முதலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஊரின் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை (நிலவரி நிர்ணயித்தபோது எழுதியது) பார்த்தேன். சர்வே எண், மண் தரம், தீர்வை (நிலவரி), பட்டாதாரர் பெயர் எல்லாம் இருந்தன. ஆனால் தாத்தாவின் தாத்தா பெயரிலேயே இரண்டு பட்டாதாரர்கள்! பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் ஊர்களில் இது நடக்கத்தான் செய்யும். பெயரை மட்டும் நம்பினால் இங்கேயே நின்றுவிடுவோம்.

சிக்கலை அவிழ்த்தது பத்திரம்தான். மெட்ராஸ் மாகாணத்தில் 1865 முதல் பத்திரப்பதிவு உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக இன்னொன்று இருக்கும். பழைய சர்வே எண்ணைக் கொடுத்து (புது எண் இதற்கு உதவாது) தேட மனு போட்டேன். ஓர் அடமானப் பத்திரத்தின் நகல் கிடைத்தது. அதில் அவருடைய தகப்பன் பெயர் இருந்தது. அப்புறம் நான்கெல்லை: வடக்கே வாய்க்கால், கிழக்கே ஒருவரின் வயல். அந்த வயல்காரர் செட்டில்மென்ட் பதிவேட்டிலும் அடுத்த எண்ணிலேயே இருந்தார். சரி, ஆள் இவர்தான்!

எழுதிக்கொடுத்தவர்கள் இருவர். இரண்டாவதாக, ‘மேற்படியார் பாரியாள்’ (அவர் மனைவி) என்று பாட்டியின் பெயர். அந்த நிலம் அவருக்குச் சீதனமாக வந்தது என்பதால் அவருடைய தகப்பனார் பெயரும் ஊரும்கூட எழுதியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது அந்த ஊர்ப் பதிவேட்டுக்கு மனு கொடுத்திருக்கிறேன்.